நீர்ப்பெருக்கி மாத்திரையால் அழுத்தம் இறங்கவில்லை, பொட்டாசியம்தான் இறங்குகிறது: மரபணு காரணமா?

அலையாத்தி: என் தம்பிக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு (தயசைடு வகை நீர்ப்பெருக்கி) தொடங்கிய பிறகும் இரத்த அழுத்தம் 170/110ஆகவே நிற்கிறது, பொட்டாசியம் மட்டும் 2.8ஆகிவிட்டது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு நீர்ப்பெருக்கியைச் சேர்த்தும் பயனில்லை. குடும்பத்தில் ஓடி வருவதோ என்று அஞ்சுகிறேன். தயவுசெய்து உதவுங்கள்.

மருதன்: தம்பியின் வயது என்ன? உடலின் உப்பையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் ரெனின், அல்டோஸ்டிரோன் இரண்டின் இரத்த அளவுகள் எவ்வளவு? குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது? 2.8 என்பது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு. பதிலுக்குக் காத்திராமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குறிஞ்சி: அதிமதுரம் அதிகம் உட்கொள்கிறாரா? அதுவும் இதே தோற்றத்தைத் தரும்.

அலையாத்தி: வயது 24. அப்பாவுக்கும் முப்பதுக்குள் வந்தது. அதிமதுரம் இல்லை. மற்ற இரண்டும் பார்க்கவில்லை.

வெண்ணி: இந்த வயதில் இந்த அழுத்தம் இருந்தால் முதலில் பார்த்திருக்க வேண்டியவை அந்த இரண்டும்தான், இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. இரண்டுமே குறைந்திருந்தால் லிடில் நோய்க்குறி என்ற பரம்பரை இரத்த அழுத்த நோயை நினைக்க வேண்டும். சிறுநீரகச் சேகரிப்புக் குழாயில் சோடியத்தை உள்ளே விடும் புரத வாயிலில், அதை அகற்றச் சொல்லும் பகுதி மரபணு மாற்றத்தால் சிதைவதால், வாயில்கள் செல்லின் மேற்பரப்பிலேயே தங்கி உப்பை ஓயாமல் உள்ளிழுக்கின்றன. தயசைடு அதற்கு முந்தைய பகுதியில் தடுக்கும் சோடியம் இந்த வாயில் வழியாகவே திரும்ப நுழைந்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஸ்பைரோனோலாக்டோன் அல்டோஸ்டிரோனின் ஏற்பியைத்தான் அடைக்கும். இங்கே கோளாறு அதற்கும் அப்பால் இருக்கிறது. வாயிலையே அடைக்கும் அமிலோரைடும் உப்புக் குறைப்பும்தான் பலன் தரும்.

நெய்தல்: அடூசின் (செல்லின் உட்சட்டகப் புரதம்) மரபணுவின் மாற்றுவடிவத்தையும் பார்க்கலாமே? உப்புக்கு அழுத்தம் ஏறுவோரையும் தயசைடுக்கு இணங்குவோரையும் அது காட்டும் என்கிறார்கள்.

மருதன்: அந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பரவலான மாற்றுவடிவங்களின் விளைவு சிறியது. ஒற்றை மரபணு நோய்களில்தான் மருந்தின் பலன் தெளிவாக மாறுகிறது. கோர்டன் நோய்க்குறி என்ற இன்னொரு பரம்பரை இரத்த அழுத்த நோயில் பொட்டாசியம் உயர்ந்திருக்கும், தயசைடு மிக நன்றாக வேலை செய்யும். சிறுநீரகம் உப்பை இழக்கும் பரம்பரை நோயான கிட்டல்மன் நோய்க்குறியிலோ தயசைடு அடைக்கும் உப்புக் கடத்திப் புரதமே பழுதாகியிருப்பதால், நோயாளி பிறந்தது முதல் அந்த மாத்திரையை உண்பவரைப் போலிருப்பார்.

நெய்தல்: விளைவு சிறியது என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது, பல சிறிய விளைவுகள் கூடினால் பெரிதாகும்.

வெண்ணி: ஒரு நோயாளிக்கு மாத்திரையைத் தேர்ந்தெடுக்க அந்தக் கூட்டல் இன்னும் போதாது. கேள்விக்கு வாருங்கள்.

அலையாத்தி: இரண்டு அளவுகளும் மிகக் குறைவாக வந்தன. அமிலோரைடுக்கு மாற்றி மூன்று வாரமாகிறது: பொட்டாசியம் 4.0, அழுத்தம் 138/86. மரபணுச் சோதனை முடிவு வரவில்லை. அப்பாவுக்கும் இரத்தம் எடுத்திருக்கிறோம். நன்றி.