ஆவணப் பிணக்கா, சொல்வினை முரணா?

கொக்குவில், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

உயர்தர வகுப்புக்கான பைத்தன் நிரல்மொழிக் கைநூலின் கடைசி இயல் வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல் இல்லாமல் இயல் நிற்கிறது.

மொழியோடு சேர்ந்தே வரும் நியம நூலகத்தில் (standard library) உள்ள ஒரு சார்பு (function) இன்னதைச் செய்யும் என்று அதன் விளக்க ஆவணம் சொல்கிறது. ஓட்டிப் பார்த்தால் அது வேறொன்றைச் செய்கிறது. இந்த நிலைக்கு ஒரு பெயர் வேண்டும். ஆவணத்தையோ நிரலையோ திருத்தி இரண்டையும் ஒன்றுக்கொன்று இசையச் செய்யும் வேலைக்கு இன்னொரு பெயர் வேண்டும்.

கேள்வி எழுந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போன கிழமை அகராதி (dictionary) என்ற தரவு வகையைப் படிப்பித்தேன். பழைய கைநூலில் "அகராதியில் உறுப்புகளின் ஒழுங்கை நம்பக் கூடாது" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை ஒருத்தி நான்கு பாடங்களின் புள்ளிகளை அகராதியாக இட்டு இருபது முறை ஓட்டியிருக்கிறாள். இருபது முறையும் தமிழ் முதலில், கணிதம் அடுத்தது, இட்ட ஒழுங்கு குலையவே இல்லை. கொப்பியில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு கீறி, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டுக் கட்டுக்கட்டாக எண்ணி வைத்திருந்தாள். அதை என் மேசையில் விரித்து, "ரீச்சர், புத்தகம் பிழையா, கணினி பிழையா?" என்று கேட்டாள்.

காரணத்தை விளக்கினேன். ஆனால் அவள் கண்டுபிடித்த பொருளுக்குப் பெயர் சொல்ல என்னிடம் சொல் இல்லை. "முரண்பாடு" என்று கரும்பலகையில் எழுதி, எழுதிய கையோடு அழித்தேன். அது எதற்கும் பொருந்துகிற சொல். உதவுங்கள்.

புலோலி, செவ்வாய் காலை

அன்புள்ள ரீச்சருக்கு,

வெளியே தேட வேண்டாம். தீ நட்பு அதிகாரத்தில் சொல் இருக்கிறது. "கனவினும் இன்னாது மன்னோ வினைவேறு சொல்வேறு பட்டார் தொடர்பு." ஆவணம் சொல், சார்பு செய்வது வினை, இரண்டும் வேறுபட்டால் அது சொல்வினை முரண். திருத்தும் வேலைக்கும் வள்ளுவரே தருகிறார்: "சொல்லிய வண்ணம் செயல்." அதை வண்ணப்படுத்தல் என்று சுருக்கலாம்.

முரண் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எடுக்கிறேன். முறு, முறுகு, முறுக்கு, முரண் எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் துணிபு. ரகரமும் றகரமும் வேறு என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். பனைநாரில் கயிறு திரிப்பவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு புரிகளையும் ஒரு பக்கமாக முறுக்கி, சேர்க்கும்போது மறுபக்கமாக முறுக்குவார். அந்த எதிர்த் திருகல்தான் முரண். எதிர்த்திருகல் இல்லாவிட்டால் கயிறு அவிழ்ந்துபோகும்.

ஆவணவழு என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். வழு என்பது நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்துக் காட்டிய சொல். அதை எட்டாக்க நமக்கு உரிமை இல்லை.

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), செவ்வாய் மதியம்

பண்டிதர் ஐயாவுக்கு வணக்கம். குறள் பொருத்தமானதுதான். ஆனால் அந்தக் குறள் கூடாத நண்பரைப் பற்றியது. சொல்வேறு வினைவேறு பட்டவர் வஞ்சகர். நூலகத்தில் வஞ்சகர் எவரும் இல்லை. ஒருவர் ஆவணம் எழுதினார், ஆறு ஆண்டு கழித்து இன்னொருவர் நிரலை மாற்றினார், அவ்வளவுதான்.

என் கவலை இதுதான்: பெயர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பிழையை அறிவிக்கிறவருக்கு அந்த நேரத்தில் எது பிழை என்று தெரியாது. "ஆவண வழு" என்றால் ஆவணம் குற்றவாளியாகிவிடும். "நிரல் வழு" என்றால் நிரல். முதலில் பெயர், பிறகுதான் விசாரணை.

இரண்டு கதைகள். ஒன்று, ரீச்சரின் மாணவி கண்டது. பைத்தன் 3.6 வெளிவந்தபோது, 2016 இறுதியில், அகராதியின் உள்ளமைப்பை மாற்றியதால் இட்ட ஒழுங்கு தானாகவே நிலைத்தது. ஆவணமோ அதை நம்ப வேண்டாம் என்றது. எல்லோரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். 2017 டிசம்பரில் பைத்தனை உருவாக்கிய கீடோ வான் ரொசம் அதை மொழியின் விதியாகவே ஏற்றார். 2018இல் வந்த 3.7 முதல் ஆவணம் அதை உறுதிசெய்கிறது. இங்கே நிரல் நின்றது, ஆவணம் நகர்ந்தது.

மற்றது 2010இல், லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் குனூ சி நூலகத்தில் நடந்தது. மெம்கொப்பி என்ற சார்பு நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும். இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் விளைவுக்குப் பொறுப்பில்லை, மெம்மூவ் என்ற சார்பைப் பயன்படுத்துங்கள் என்று ஆவணம் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் பழைய மெம்கொப்பி முன்னிருந்து பின்னாகப் படியெடுத்ததால் படிந்த இடங்களிலும் பல வேளைகளில் தப்பிவிட்டது. வேகத்துக்காகச் சில மையச் செயலிகளில் (CPU) பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கும்படி மாற்றினார்கள். ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டில், இணைய உலாவியில் ஒளியும் ஒலியும் இயக்கும் ஃபிளாஷின் ஒலி கரகரத்தது. ஆவணத்தின்படி நூலகம் சரி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பயனருக்கு ஆவணம் பொருட்டல்ல, நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும் என்று வாதாடினார். கடைசியில் முன்பே தொகுத்த நிரல்களுக்குப் பழைய நடத்தையும், புதிதாகத் தொகுப்பவற்றுக்குப் புதிய நடத்தையும் என்று பிரித்துவிட்டார்கள்.

இந்த இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும். "சொல்வினை முரண்" தாங்குமா? முரண் என்றதும் எனக்கு முரண்தொடை நினைவுக்கு வருகிறது. அது செய்யுளுக்கு அழகு. முரணை யாரும் தீர்த்து வைப்பதில்லை.

மானிப்பாய், செவ்வாய் மாலை

அழகான சொல் வேறு, புழங்குகிற சொல் வேறு. என் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மருத்துவர் சாமுவேல் கிறீன் இங்கே தமிழில் மருத்துவம் படிப்பித்து நூல்களையும் பெயர்த்தார். உடலமைப்பை விளக்கும் துறைக்கு அப்போது வழங்கிய சொல் அங்காதிபாதம். இன்று வைத்தியசாலைக்குப் போய் அங்காதிபாதம் என்றால் யாருக்கு விளங்கும்? உழைப்பில் குறையில்லை. சொல் வாயில் நிற்கவில்லை.

"வண்ணப்படுத்தல்" என்றால் பிள்ளைகள் நிறம் தீட்டுவது என்றே விளங்கிக்கொள்வார்கள். "உரைநடத்தை முரண்" என்று நானே ஒன்று யோசித்தேன். மகளுக்கு எழுதிக் காட்டினேன். "உரைநடை முரண்" என்று வாசித்தாள். கைவிட்டேன். பொருந்தாமை என்ற எளிய சொல் போதும். கலியாணப் பொருத்தம் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

சிறுப்பிட்டி, செவ்வாய் இரவு

பதிப்புத் துறையில் இதற்கு நெருங்கிய சொல் ஏற்கனவே இருக்கிறது: பாடபேதம். எங்கள் ஊரவரான சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது ஏட்டுக்கு ஏடு வேறுபடுவதை ஒப்புநோக்கித்தான் பாடம் துணிந்தார். எந்த ஏடு சரி என்று முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. திருநெல்வேலித் தம்பி கேட்கும் சாயாமை அதில் இருக்கிறது.

தஞ்சாவூர், செவ்வாய் இரவு

பேதம் வடசொல். பாடவேறுபாடு என்றாவது எழுதுங்கள். அதே மூச்சில் "நியம" நூலகத்தையும் செந்தர நூலகம் என்று மாற்றிவிடலாமே?

கொக்குவில், செவ்வாய் இரவு

அண்ணா, இங்கே பிள்ளைகள் கணிதத்தில் நியம விலகல் என்று படிக்கிறார்கள். உங்கள் பக்கம் திட்ட விலக்கம் என்பது எனக்குத் தெரியும். ஒரே பிள்ளை காலையில் நியமமும் பிற்பகலில் செந்தரமும் படிக்க முடியாது. நியமத்தைத் தயவுசெய்து இந்த இழையில் தொடாதீர்கள். இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

பாடபேதம் எனக்குப் பிடித்தது. ஆனால் அங்கே ஒப்பிடப்படுபவை இரண்டும் எழுத்து. இங்கே ஒன்று எழுத்து, மற்றது இயக்கம்.

சங்கானை, புதன் காலை

நான் ஒருநாளும் நிரல் எழுதியதில்லை. நாற்பது ஆண்டுகள் நொத்தாரிசாகக் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதியவன். நீங்கள் கதைக்கும் விடயம் எனக்கு நன்கு பழக்கம்.

உறுதியில் காணி நான்கு பரப்பு (எங்கள் நில அளவு), கிழக்கு எல்லை ஒழுங்கை (சிறு தெரு) என்றிருக்கும். நில அளவையாளர் வந்து அளந்தால் வேலிக்குள் மூன்றரைப் பரப்புத்தான் இருக்கும். கிழக்கே ஒழுங்கை இராது, ஒரு பனை வடலி நிற்கும். அந்த நேரத்தில் உறுதி பிழை என்று நாங்கள் எழுதுவதில்லை. வேலி பிழை என்றும் எழுதுவதில்லை. "எல்லைப் பிணக்கு" என்று எழுதுவோம். வேலியை நகர்த்துவதா, உறுதியைத் திருத்துவதா என்பது பிறகு. திருநெல்வேலித் தம்பி கேட்ட சாயாத சொல் இதுதான் என்று நினைக்கிறேன். ஆவணப் பிணக்கு. வேலையின் பெயர் பிணக்குத் தீர்த்தல்.

அகராதிக் கதையை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை நினைவுக்கு வந்தது. வழமை முந்தியது, எழுத்துப் பிந்தியது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்தில் கிளாஸ் இசாக்ஸ் அதைத் தொகுத்து 1707இல் கொடுத்தார். அதைத் தமிழில் பெயர்த்து, உள்ளூர் அதிகாரிகளான 12 முதலியார்களிடம் வாசிக்கக் கொடுத்து, நடைமுறையில் உள்ளபடிதான் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதன் பிறகு நடைமுறையே எழுத்துக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. பைத்தன் 3.7இல் நடந்ததும் இதுதானே?

திருநெல்வேலி, புதன் காலை

ஐயா, இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்தக் கணினி நூலிலும் வாசித்ததில்லை. அந்த 12 முதலியார்களின் வேலையைப் பைத்தனில் டொக்டெஸ்ட் என்ற கூறு செய்கிறது. 2001இல் 2.1ஆம் பதிப்போடு வந்தது. ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டை எடுத்து ஓட்டி, எழுதிய விடையே வருகிறதா என்று பார்க்கும். ரஸ்ட் (Rust), கோ (Go) என்ற நிரல்மொழிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆவணத்தின் எடுத்துக்காட்டையே சோதனையாக்கினால் எடுத்துக்காட்டளவிலாவது பிணக்கு ஒளிந்திருக்க முடியாது. ரீச்சர், இதற்கு ஒரு பயிற்சி கொடுங்கள்.

என் வாக்கு பிணக்குக்கு. ஓர் எல்லை மட்டும் குறிக்க வேண்டும். ஆவணமும் நிரலும் ஒத்துப்போய், இரண்டுமே விபரீதமாக இருப்பதும் உண்டு. பைத்தனில் நள்ளிரவைக் குறிக்கும் நேரம் நெடுங்காலம் "பொய்" என்று கணிக்கப்பட்டது. நேரம் கொடுக்கப்பட்டதா என்று சோதித்தவர்களின் நிரல் நள்ளிரவில் மட்டும் விழுந்தது. ஆவணத்தில் அது அப்படியே எழுதப்பட்டிருந்தது! 2015இல் 3.5ஆம் பதிப்பில்தான் மாற்றினார்கள். இது பிணக்கு அல்ல. இதற்கு வேறு பெயர் வேண்டும்.

புலோலி, புதன் மதியம்

அதற்குப் பெயர் வழுவமைதி. குற்றம்தான், ஆனால் நூலில் எழுதி ஏற்கப்பட்ட குற்றம். ஐயமே வேண்டாம்.

பிணக்குக்கு நான் உடன்படவில்லை. பிணங்குவது உயர்திணையின் செயல். கணவனும் மனைவியும் பிணங்குவர், பங்காளிகள் பிணங்குவர். தாளும் நிரலும் எப்படிப் பிணங்கும்? நொத்தாரிசு ஐயாவின் எல்லைப் பிணக்கில்கூடப் பிணங்குவது வேலி அல்ல, வேலியின் இருபுறத்து மனிதர். இது திணை வழு.

சிறுப்பிட்டி, புதன் மாலை

பண்டிதர் ஐயா பொறுத்தருள வேண்டும். பழைய வழக்கில் பிணங்குதல் கொடிகளுக்கும் உண்டு. ஒன்றோடொன்று சிக்கிப் பின்னிக்கிடக்கும் புதரைப் பிணங்கு அரில் என்பார்கள். பிணை, பிணை­யல், பிணங்கு எல்லாம் அந்தப் பின்னலைச் சுற்றியே வருகின்றன. பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று கட்டுண்டவை மாறுபட்டால்தான் அது பிணக்கு. தொடர்பில்லாத இரண்டு பொருள்கள் வேறுபட்டால் வேற்றுமை, அவ்வளவே. ஆவணமும் சார்பும் கட்டுண்டவை. பாடபேதத்தை நான் மீளப் பெறுகிறேன்.

தஞ்சாவூர், புதன் இரவு

எங்கள் பக்கம் பிணக்கு வீட்டுக்குள் இருக்கும் சொல். அலுவலகத்தில் தகராறு, தாவா என்றே வழங்கும். ஆனால் தூய தமிழ், எதிர்க்க மாட்டேன். நியமத்துக்குத் தனி இழை தொடங்குவேன்.

கொக்குவில், வியாழன் காலை

எண்ணிப் பார்த்தேன். பிணக்குக்குச் சங்கானை, திருநெல்வேலி, சிறுப்பிட்டி, என்னோடு நான்கு. மானிப்பாய் பொருந்தாமையில் நிற்கிறார். தஞ்சாவூர் எதிர்ப்பில்லை. பண்டிதர் ஐயா சொல்வினை முரணை விடவில்லை. வழுவமைதிக்கு மட்டும் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை, அதை நான் கேட்கவும் இல்லை.

இயலின் தலைப்பில் "ஆவணப் பிணக்கு" என்று போடுகிறேன். திருத்தும் வேலைக்குப் பெயர் முடிவாகவில்லை. "பிணக்குத் தீர்த்தல்" என்றால் ஒருதரம் தீர்த்துவிட்டு எழும்பிப் போவது போல் இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை அது. இப்போதைக்கு "ஆவணத்தையும் நிரலையும் இசைவித்தல்" என்று விரித்து எழுதிவிட்டேன்.

புலோலி, வியாழன் மதியம்

அச்சுக்குப் போக முன் அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்க்க முடியுமா? "இதனைச் சொல்வினை முரண் எனினும் அமையும்." என் பெயர் தேவையில்லை.

கொக்குவில், வியாழன் மாலை

ஐயா, பக்கம் கோத்து முடிந்து நாலு மணிக்கே அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்க்கத் திங்கட்கிழமை திரும்பி வரும். 87ஆம் பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது. அப்போது சேர்க்கிறேன்.