பெரிய இன நாயின் செலவு: எங்கள் அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீட்டில் முன்பு இருந்தது 14 கிலோ எடையுள்ள நாட்டு நாய். அதற்கு ஆன செலவை மனத்தில் வைத்துக்கொண்டே ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியை வாங்கினோம். குட்டியின் விலையைப் பற்றி ஒரு மாதம் பேசிய நாங்கள், அது வளர்ந்து 38 கிலோ ஆனபின் என்ன ஆகும் என்று ஒரு நாள்கூட உட்கார்ந்து கணக்குப் போடவில்லை.

குடற்புழு மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று என்பதால், ஒன்றரை கொடுத்த இடத்தில் நான்கு கொடுக்க வேண்டியதாயிற்று. அது எப்போதாவது வரும் செலவு. அன்றாடச் செலவு சாப்பாடுதான். சோற்றோடு தினமும் அரைக் கிலோ கோழிக்கறி என்றால் மாதத்துக்கு 15 கிலோ ஆகிறது. கறி விலை ஏறிய மாதங்களில் எங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டோமே தவிர, அதன் தட்டில் கைவைக்கவில்லை.

கணக்கு தப்பியது உண்ணிக் காய்ச்சலில். மருத்துவர் அதை எடைமேடையில் நிறுத்தி, சீட்டின் ஓரத்தில் 38 என்று எழுதி வட்டமிட்டு, டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 100 மில்லிகிராம் மாத்திரை காலையில் இரண்டு, இரவில் இரண்டு, 28 நாள் என்று எழுதினார். ஆக 112 மாத்திரைகள். மாத்திரையின் விலை தாங்கக்கூடியதே. ஆனால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஏறியிருக்கின்றனவா என்று திரும்பத் திரும்ப எடுத்த இரத்தப் பரிசோதனையும், எதையும் தின்னாமல் சுருண்டு கிடந்த நாட்களில் ஏற்றிய குளுக்கோஸும் சேர்ந்து 11,000 ரூபாயைத் தாண்டிவிட்டன. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினேன். அன்றிலிருந்து, முதுகில் விடும் உண்ணி மருந்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடுவதில்லை.

சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

சகோதரி எழுதியதோடு அவசரச் செலவையும் சேர்க்க வேண்டும். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பது, எங்கள் கிரேட் டேன் ஓர் இரவு 11 மணிக்கு வயிறு பறைபோல் விறைத்து, வாந்தியெடுக்க முயன்று முயன்று நுரையை மட்டும் கக்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உடனே அறுவை செய்தாக வேண்டும், முன்பணம் 40,000 ரூபாய் என்றார்கள். என் தம்பி நண்பர்களை எழுப்பிப் பணம் புரட்டி வந்ததால் பிழைத்தது.

இப்போது மாதம் 2,000 ரூபாய் அதற்கென்றே ஒதுக்குகிறோம். வைப்பு நிதியில் போட்டால் நள்ளிரவில் கைக்கு வராது என்பதால், சாதாரணச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருக்கிறோம். அதன் ஏ.டி.எம். அட்டை, சங்கிலியும் கழுத்துப்பட்டையும் தொங்கும் ஆணியிலேயே ஒரு சிறு பையில் இருக்கிறது.