வெண் கொழுப்பில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன வேலை?

கேள்வி (உயிர்வேதியியல் முதுநிலை மாணவி)

வணக்கம். எங்கள் பாடநூல் பழுப்புக் கொழுப்பின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்பு) வெப்பம் உண்டாக்குவதை விரிவாக விளக்கிவிட்டு, வெண் கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறது. வெண் கொழுப்புச் செல்லை ஒரே எண்ணெய்த் துளி அடைத்துக்கொண்டிருக்க, சைட்டோபிளாசம் ஓரத்தில் மெல்லிய வளையமாக ஒதுங்கிக் கிடக்கிறது. அந்த வளையத்திற்குள் இருக்கும் சிறிதளவு மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் பழுதானால் உடல் முழுவதன் வளர்சிதை மாற்றமும் கெடும் என்று கட்டுரைகளில் படித்தேன், மனம் ஏற்கவில்லை. எரிப்பது குறைந்தால் கொழுப்பு கூடத்தானே வேண்டும்? எலிகளில் அல்லாமல் மனிதர்களில் இதற்குச் சான்று உண்டா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பேராசிரியர்)

சேமிப்பதற்கே ஆற்றல் செலவாகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள், அம்மா. கொழுப்பின் சேமிப்பு வடிவமான டிரைகிளிசரைடில் சேரும் ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் முதலில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவிட்டுக் கோஎன்சைம் ஏ என்னும் துணை மூலக்கூறுடன் இணைக்கப்பட வேண்டும். அந்த அமிலங்களைத் தாங்கும் கிளிசரால் பகுதியும் எளிதில் கிடைப்பதில்லை. கொழுப்புச் செல்லில் அதற்கு வேண்டிய கிளிசரால் கைனேஸ் என்னும் நொதி மிகக் குறைவு என்பதால், உடைந்து வெளிவந்த கிளிசராலை அது மீண்டும் பயன்படுத்த இயலாமல், குளுக்கோஸிலிருந்தோ, பட்டினியின்போது பைருவேட் என்னும் சிறு மூலக்கூறிலிருந்தோ புதிதாக உருவாக்கிக்கொள்கிறது. இந்தப் பைருவேட் வழியின் முதல் படியை நடத்தும் பைருவேட் கார்பாக்சிலேஸ் என்னும் நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் இருக்கிறது. இவை தளர்ந்தால் கொழுப்பு அமிலம் செல்லில் தங்காமல் இரத்தத்தில் கலந்து, கல்லீரலிலும் தசையிலும் படிந்து, இன்சுலினின் செயலை மங்கச் செய்கிறது.

மறுமொழி 2 (ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையம் ஒன்றில் பணியாற்றிய ஆலோசகர்)

மனிதச் சான்று உண்டு. அதன் பெயர் ஸ்டாவுடின். 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த எச்.ஐ.வி. மருந்து, 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையிலும் முதல் வரிசையில் இருந்தது. அது பல உயிர்களைக் காத்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வைரஸின் நொதியை ஏமாற்றும் இந்த மூலக்கூறு, மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் காமா என்னும் நம்முடைய நொதியையும் தடுத்துவிட்டது. அந்த டிஎன்ஏவில், ஆற்றலை உண்டாக்கும் சுவாசச் சங்கிலிக்கான 13 புரதங்களின் குறிப்பு இருக்கிறது. அந்த டிஎன்ஏ குறைந்தபோது கொழுப்பு கூடவில்லை, கரைந்தது. கன்னங்கள் ஒட்டி, கைகால்கள் மெலிந்து, இரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரிய, இரத்தத்தில் டிரைகிளிசரைடும் இன்சுலின் எதிர்ப்பும் ஏறின. முகமே நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிட்ட ஒரு தாயின் முன் நான் சொல்லற்று உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் இம்மருந்திலிருந்து விலகும்படி பரிந்துரைத்தது. மருந்தை மாற்றிய பிறகும் கைகால்களின் கொழுப்பு மிக மெதுவாக, ஓரளவே திரும்பியது.

மாணவி

இருவருக்கும் நன்றி. ஆனால் இன்சுலின் எதிர்ப்புக்கு வைரஸோ, உடன் கொடுத்த வேறு மருந்துகளோ காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா?

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற பேராசிரியர்)

நியாயமான ஐயம். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு ஒரு மாதம் ஸ்டாவுடின் மட்டும் கொடுத்த ஆய்வு ஒன்றிலும் இன்சுலின் உணர்திறன் குறைந்தது. ஆகவே வைரஸை மட்டும் காரணம் காட்ட முடியாது. எனினும் அதே ஆய்வில் தசையின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் குறைந்திருந்ததால், பழி முழுவதையும் கொழுப்புத் திசுவின் மேல் சுமத்துவதும் தவறு. எதிர்த்திசையில் பியோகிளிட்டசோன் என்னும் நீரிழிவு மருந்தைப் பாருங்கள்: தோலடிக் கொழுப்பையும் உடல் எடையையும் கூட்டிக்கொண்டே இன்சுலின் உணர்திறனை அது உயர்த்துகிறது.

ஆய்வேட்டுக்காகக் கொழுப்புத் திசுவில் நொதிகளை அளக்கப் போகிறீர்கள் என்றால், பலரும் செய்வதுபோல், மைட்டோகாண்ட்ரியாவின் அளவுக்கு அடையாளமாகக் கொள்ளப்படும் சிட்ரேட் சிந்தேஸ் நொதியோடு நின்றுவிடாதீர்கள். அதன் ஜீன் செல்லின் உட்கருவில் இருப்பதால், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தேய்ந்த நிலையிலும் அது இயல்பாகத் தோன்றக்கூடும். சுவாசச் சங்கிலியின் நொதியான சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸின் மூன்று துணை அலகுகள் அந்த டிஎன்ஏவிலிருந்தே வருகின்றன. இரண்டையும் ஒரே மாதிரியில் அளந்து, விகிதத்தைப் பாருங்கள்.