ரைஃபிளுக்கு சைலன்சர்: தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்

பெரியபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். என் மச்சான் தென்னாப்பிரிக்காவில் ஒரு வேட்டைப் பண்ணையில் வண்டி ஓட்டுகிறான். வருகிறவர்கள் .375 என்கிற பெரிய ரக ரைஃபிளால் காட்டெருமையைச் சுடும்போது இவனும் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. இப்போது இடது காதில் ஃபோனை வைத்தால் ஙொய்யென்று இரைச்சல்தான் கேட்கிறதாம், பேச்சுக்கு நடுவே வலது பக்கம் மாற்றிக்கொள்கிறான்.

நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கே தடை, யாரிடம் போய்க் கேட்பது?

தெரிந்தவரை, அந்த ரைஃபிளின் சத்தம் 160 டெசிபலுக்கு மேல், 140ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. சைலன்சர் 20, 30 குறைக்கும், அவ்வளவுதான். சினிமாவில் வருகிற மாதிரி ‘புஸ்’ என்று அடங்காது, தோட்டா ஒலியைவிட வேகமாகப் போவதால் அந்தச் ‘சடீர்’ இருக்கத்தான் செய்யும். உதையைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுகிற பிரேக் இன்னும் மோசம், சத்தத்தைப் பக்கத்தில் நிற்கிறவன் மேலேயே தள்ளும்.

சரி, என் கேள்வி: காட்டெருமைக்குப் போகும்போது சைலன்சர் மாட்டுகிறார்களா? முனை கனக்கும், புதருக்குள் நீளக் குழலைச் சட்டென்று திருப்ப முடியாது என்று பண்ணைக்காரர் தட்டிக்கழிக்கிறாராம். அடிபட்ட எருமை திரும்பிப் பாய்கிற இடத்தில் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் மெல்லிய சத்தத்தை உள்ளே விட்டு வெடியை மட்டும் தடுக்கிற எலக்ட்ரானிக் காதுமூடி போதுமா, உள்ளே ஃபோம் அடைப்பானும் போடணுமா? விலை என்ன வரும்? ஊரிலிருந்து ஒருவர் அங்கே கிளம்புகிறார், கொடுத்தனுப்பலாம். அப்புறம் மதுரையில் நல்ல காது டாக்டர் தெரிந்தாலும் சொல்லுங்கள், லீவில் வரும்போது காட்டணும்.