மறு: ‘கீறல் நீக்கம்’ பொருந்துமா?

> கார் பெயின்டில் விழுந்த கீறலை மெஷின் வைத்துத் தேய்த்து எடுப்பதற்குத் தமிழில் ‘கீறல் நீக்கம்’ என்ற சொல் போதாதா?

போதாது ஐயா. கீறல் என்பது ஒரு பள்ளம். அதை யாரும் நீக்குவதில்லை. சுற்றியுள்ள பரப்பைத்தான் பள்ளத்தின் அடிவரை தேய்த்து இறக்குகிறார்கள். நிறத்துக்கு மேலே இருக்கும் தெளிபூச்சு பெரும்பாலான கார்களில் 40–50 மைக்ரான்தான். புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகும், திரும்பி வராது. ‘நீக்கம்’ என்று எழுதினால், ஏதோ அழுக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்து வருஷா வருஷம் வண்டியைக் கொண்டுபோய் விடுவார்கள்.

என் பரிந்துரை ‘மட்டத்தேய்ப்பு’. ஒர்க்‌ஷாப்பில் ‘ரப்பிங்’ என்றுதான் பேச்சு; எனவே ‘தேய்ப்பு’ அவர்கள் வாயிலும் நிற்கும். (‘பூச்சுச் சீர்திருத்தம்’ என்று முன்பு ஒரு மடலில் வந்தது. சட்டசபையில் மசோதா தாக்கல் செய்வது மாதிரி இருக்கிறது!)

மெருகேற்றல் இதிலிருந்து வேறு. காம்பவுண்டு (தேய்க்கும் சொரசொரப்புப் பசை) போட்டுத் தேய்த்ததில் வரும் மங்கலை, மெத்தென்ற ஃபோம் பேடும் நைசான பாலிஷும் கொண்டு போக்குவது அது. வாக்ஸ் இரண்டிலும் சேராது, மேலே பூசுவதோடு சரி.

அப்புறம், ‘சுழல்கீறல்’ என்ற சொல்லையும் விட்டுவிடலாம். வெயிலில் வட்டவட்டமாகத் தெரிந்தாலும் அவை நாலா திசையிலும் ஓடும் பொடிக் கோடுகள். ஒளியை நம் கண் பக்கம் திருப்பும் கோடுகள் மட்டும் தெரிவதால் வட்டம்போல் தோன்றுகிறது. மண் ஒட்டிய துணியால் துடைத்தாலே வந்துவிடும். ‘நுண்கீறல்’ போதுமே.

——

> என் பரிந்துரை ‘மட்டத்தேய்ப்பு’

விளக்கம் சரி, சொல்தான் இடிக்கிறது. ‘மட்டமான தேய்ப்பு’ என்று கிண்டல் செய்வார்களே! ‘சமன்தேய்ப்பு’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. விரலால் தடவும்போது நகம் மாட்டுகிற கீறலுக்கும் தனிச்சொல் வேண்டும். பெரும்பாலும் அது தெளிபூச்சுக்குள் அடங்காது. தேய்த்துக்கொண்டே போனால் நிறமே வெளுத்துவிடும், டச்சப் பெயின்டுதான் வழி. அதை ‘ஆழ்கீறல்’ எனலாமா?

——

கொத்தனாருக்கு ‘மட்டம்’ உறுத்தாது. ஆனால் விலைப்பட்டியலில் ‘மட்டத்தேய்ப்பு’ என்று போட்டால் ஒருவரும் வண்டியை விடமாட்டார்கள்தான். சமன்தேய்ப்பு, ஆழ்கீறல் இரண்டுக்கும் சம்மதம்.

பேட் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினைச் சரியாகக் கையாளாவிட்டால் வெயிலில் நெளிநெளியாக மின்னும் வரிகள் விழும். டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷினில் பேட் சுழல்வதோடு அதிரவும் செய்வதால் அவை அவ்வளவாக வருவதில்லை. அந்த வரிகளுக்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா? ‘ஹோலோகிராம்’ என்றே விட மனமில்லை.