இலங்கை மிளகு: இருதரப்பு ஒப்பந்தச் சான்றிதழா, சாஃப்டா சான்றிதழா?

விருதைக்காரன்:
மாத்தளை கறுப்பு மிளகு ஒரு கன்டெய்னர் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு இறக்க எண்ணம். "இந்திய–இலங்கை ஒப்பந்தச் சான்றிதழ் இப்போ கிடைக்காது, சாஃப்டாதான் தரமுடியும்" என்கிறார் அனுப்புகிறவர். (இரண்டுமே வரிச்சலுகைக்காக, சரக்கு இலங்கையில் விளைந்தது என்று காட்டும் சான்றிதழ்கள்; சாஃப்டா என்பது தெற்காசிய நாடுகளின் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம்.) வரியில் எவ்வளவு வித்தியாசம் வரும்? சான்றிதழ் இருந்தும் சுங்கத்தில் சரக்கை நிறுத்துவதாகக் கேள்வி, அது எதனால்?

துறைமுகக் கணக்கு:
அவர் சொல்வது நம்பக்கூடியதுதான். 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள இருதரப்பு ஒப்பந்தத்தில் மிளகுக்கு வரியே இல்லை, ஆனால் ஆண்டுக்கு 2,500 டன் வரைதான். அது தீர்ந்ததும் எல்லோரும் சாஃப்டாவுக்குத்தான் வருவார்கள். அங்கே 8%. ஒரு சான்றும் இல்லையென்றால் 70%.

கிலோ 600 ரூபாய் சிஐஎஃப் (சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி சேர்ந்தது) என்று வைத்துக்கொண்டால், 70 சதவீதத்தில் அடிப்படை வரி 420, அதன்மேல் சமூகநல கூடுதல் வரி பத்திலொரு பங்கு 42, ஆக 1,062. சாஃப்டாவில் 48-ம் 4.80-ம் சேர்ந்து 652.80. இருதரப்பில் 600-தான். மூன்றுக்கும் மேலே 5% ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி) உண்டு, அது நீங்கள் விற்கும்போது கட்டும் ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரவாகக் கழிந்துவிடும். விகிதங்களை பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதி அறிவிப்பு) போடுமுன் ஏஜென்ட்டிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது வேறொரு இடத்தில். சிஐஎஃப் விலை கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மிளகு இறக்குமதிக்கே தடை (2018 மார்ச் முதல்). அது வெளிவர்த்தக இயக்குநரகம் போட்ட நிபந்தனை, வரிச்சலுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூஜ்ய வரிச் சான்றிதழ் கையில் இருந்தாலும் 490-க்கு இன்வாய்ஸ் போட்டால் சரக்கு உள்ளே வராது.

சுங்கத்தாள்:
நிறுத்துவது ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். 2020 செப்டம்பர் 21-க்குப் பிறகு கரோடார் விதிகள் (ஒப்பந்தச் சலுகை கேட்கும் சரக்கு எங்கே உருவானது என்று பார்க்கும் சுங்க விதிகள்) வந்துவிட்டன. சான்றிதழைக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடியாது. சரக்கு உண்மையிலேயே அங்கே விளைந்தது என்பதற்கான விவரம் உங்களிடமே இருக்க வேண்டும், அதுதான் படிவம் 1. அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளுக்குள் கொடுக்கணும், தாள்களை ஐந்து வருஷம் வைத்திருக்கணும். "அனுப்பினவரைக் கேளுங்க" என்று கைகாட்டினால் சலுகை போய்விடும்.

மிளகில் சந்தேகம் எப்போதும் ஒன்றுதான்: வியட்நாம் மிளகு கொழும்பில் மூட்டை மாறி வருகிறதா என்பது. சுத்தம் செய்வது, சலிப்பது, தரம் பிரிப்பது, மறுபடி மூட்டை கட்டுவது எதுவும் சரக்கை இலங்கைச் சரக்காக மாற்றாது. ஆகவே விளைந்த மாவட்டம், யாரிடம் கொள்முதல், எந்தத் தேதியில் எவ்வளவு எடை என்ற ரசீதுகளை முன்பணம் அனுப்புமுன்னே கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

மற்றபடி மாட்டுவது சின்னச் சின்ன முரண்பாடுகளில். சான்றிதழில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் எடையும் பில் ஆஃப் லேடிங்கோடு (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) ஒத்துப்போகணும். சுங்கவரிப் பட்டியல் எண்ணும் அப்படித்தான்: சுத்தம் செய்த மிளகு 0904 11 30, செய்யாதது 0904 11 40. இன்வாய்ஸில் ஒன்று, பில் ஆஃப் என்ட்ரியில் இன்னொன்று என்றால் கேள்வி நிச்சயம். சான்றிதழில் திருத்தம் இருந்து அதன்மேல் வழங்கிய அதிகாரியின் ஒப்புதல் இல்லையென்றால் விசாரணைகூட இல்லாமல் நிராகரிக்கலாம். கொழும்புக்கு எழுதி விசாரிக்கிறார்கள் என்றால், வரி வித்தியாசம் முழுவதற்கும் பிணை கட்டி சரக்கை எடுக்கலாம். மேலே சொன்ன கணக்கில் கிலோவுக்கு 400 ரூபாய்க்கு மேல் முடங்கும். கன்டெய்னருக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விருதைக்காரன்:
நன்றிங்க. இன்னொன்று. அங்கேயே மசாலாப் பொடியாக்கிக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை குறையுமா?

ஏலக்காய்:
குறையாது, கூடத்தான் செய்யும். மிளகு முழுக்க அங்கே விளைந்த பொருள், ஒரே கேள்விதான். பொடிக்கு விழுக்காட்டுக் கணக்கு வந்துவிடும். இருதரப்பு ஒப்பந்தப்படி எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும்வரையான விலை) 35% மதிப்பு இலங்கையில் சேர்ந்திருக்கணும். இந்தியச் சரக்கு குறைந்தது 10% கலந்திருந்தால், அங்கே சேர்வது 25% இருந்தால் போதும். அதோடு வெளிநாட்டு மூலப்பொருளின் நான்கு இலக்கத் தலைப்பும் (சுங்க எண்ணின் முதல் நான்கு இலக்கம்) முடிவுப் பொருளின் தலைப்பும் வேறாக இருக்கணும். மசாலாக் கலவை 0910. குவாத்தமாலா ஏலக்காய் 0908, தப்பிக்கும். மூன்றாம் நாட்டு இஞ்சியோ மஞ்சளோ 0910-லேயே இருப்பதால் விழுந்துவிடும். வெறுமனே கலப்பதும் போதுமான பதப்படுத்தலாக எடுத்துக்கொள்ளப்படாது.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் பழைய கதை. 2000-களின் தொடக்கத்தில் வனஸ்பதி ஆலைகள் இலங்கைக்குப் போயின. பாமாயிலுக்கு அங்கே வரி குறைவு, இங்கே அதிகம். அந்த இடைவெளிதான் லாபம். செம்பிலும் அப்படித்தான் நடந்தது. கடைசியில் வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு போட்டார்கள். மிளகு ஒதுக்கீடும் அதே பயத்தின் குழந்தை.

முதல் சரக்கை முழு மிளகாகவே எடுங்கள். பயிர்நலச் சான்றிதழையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மாதிரிச் சோதனையையும் மறந்துவிடாதீர்கள். சோதனை முடிவு வரும்வரை ஓடும் கன்டெய்னர் வாடகை உங்கள் தலையில்தான்.