புதுப்பிப்பு: அம்மாவின் நினைவாற்றல் பரிசோதனை

நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சுருக்கமாகச் சோதிக்கும், 30 மதிப்பெண்ணுக்கான எம்எம்எஸ்ஈ சோதனையில் 28 வாங்கிய அம்மா, கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்கிறார் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். உங்களில் சிலர் வற்புறுத்தியபடி, விரிவான நரம்பு உளவியல் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம்.

கடிகாரத்தைப் பிசகின்றி வரைந்த அம்மா, பலமுறை படித்துக்காட்டிய 16 சொற்களில், அரைமணி கழித்து இரண்டைத்தான் சொன்னார்; “அது ஒரு பழம்” என்று குறிப்புக் கொடுத்தும் மற்றவை வரவில்லை. மனச்சோர்வால் வரும் மறதியில் இத்தகைய குறிப்பு பெரும்பாலும் கைகொடுக்கும் என்பதால், புதியதைப் பதியவைப்பதிலேயே குறை இருப்பதாக உளவியலாளர் விளக்கினார். சமையலையும் வங்கிக் கணக்கையும் அம்மாவே பார்த்துக்கொள்வதால் இது டிமென்ஷியா (அன்றாட வேலைகளையே பாதிக்கும் மறதிநோய்) அல்ல, லேசான அறிவாற்றல் குறைபாடு என்கிறார்கள். எம்எம்எஸ்ஈயில் நினைவுக்கு மூன்றே சொற்கள். அம்மாவைப் போன்ற நன்கு படித்த, ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் தொடக்கநிலைக் குறை அதில் எளிதில் தப்பிவிடுகிறது.

ஓராண்டு கழித்து மறுபரிசோதனை. இன்றைய மதிப்பெண்களே அதற்கு அளவுகோல்.